மதனவதியின் கண்ணளவு

மதனவதி எந்தப் பெண் குழந்தையைப் பார்த்தாலும் முதலில் முகத்தைப் பார்ப்பதில்லை, காலைத்தான் பார்ப்பாள். பாவாடையின் கீழ்க்கரை கணுக்காலுக்கு மேல் எத்தனை விரற்கடை ஏறி நிற்கிறது என்று அவள் கண் ஒருமுறை போய்த் திரும்பும். அதற்குப் பிறகுதான், "இன்னாம்மா, சாப்ட்டியா?" என்று கேட்பாள். கோயில் வாசலில் பார்த்தாலும் கல்யாணப் பந்தியில் பார்த்தாலும் இதே கதைதான்.

வருஷக் கணக்காக இதைக் கவனித்து வந்த பக்கத்துத் தெரு ரேணுகாம்பாள் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். "மதனாவுக்கு எம் பொண்ணு மூஞ்சி தெரியாதுடி. கணுக்கால வெச்சித்தான் இன்னார் பொண்ணுன்னு கண்டுபிடிக்கும்!"

அது தொழில் கொடுத்த பழக்கம். வந்தவாசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் மதனவதி. பதினெட்டு வயதில் அப்பாண்டைக்கு வாழ்க்கைப்பட்டுத் திருப்பருத்திக்குன்றத்துக்கு வந்தாள். அப்பாண்டைக்கு நெல் மண்டியில் வேலை. அவளுக்கு நாலு பேர் கூடினால் வாய் ஒட்டிக்கொள்ளும். சீரோடு வந்த கைத் தையல் மெஷின்தான் அவளுக்குத் துணை. குனிந்து தைப்பவளிடம் யாரும் நிமிர்ந்து பதில் சொல்லச் சொல்லி வற்புறுத்துவதில்லை. பக்கத்தில் பிள்ளையார்பாளையம். அங்கே வீட்டுக்கு வீடு தறி. தறிக்காரர் வீட்டுப் பெண்கள் துணியை விரலால் தொட்டதுமே குறை கண்டுபிடிப்பவர்கள். அவர்களே தங்கள் பெண்களுக்குப் பாவாடைத் துணியை எடுத்துக்கொண்டு இவளிடம்தான் வந்தார்கள்.

வளர்கிற பெண்ணுக்குப் பாவாடை தைத்தால் அடிப்பக்கம் மூன்று டக்கு பிடிப்பாள். உள்ளே மடித்துத் தைத்து வைத்த துணி அது. பிள்ளை வளர வளர வருஷத்துக்கு ஒன்றாகப் பிரித்து விடலாம். பிரித்த இடத்தில், வெயிலும் சோப்பும் படாத துணி ஒரு புதுப் பட்டைபோலப் பளிச்சென்று தெரியும். ஒரு பிள்ளை வளர்கிறது என்பதற்கு மதனவதி அறிந்த சாட்சி அந்தப் பட்டைதான்.

ஊர்ப் பிள்ளைகளுக்கு அவள் டேப்பு வைத்துத்தான் அளப்பாள், அதுவும் இடுப்பிலிருந்து கால் வரைக்கும்தான். நிற்கிற பிள்ளையைத் தலையிலிருந்து கால்வரை அளக்கக் கூடாது, அளந்தால் வளர்ச்சி நின்றுவிடும் என்று அவள் பிறந்த வீட்டில் சொல்லுவார்கள். சொந்தப் பெண் பிராமிக்கு அவள் டேப்பே எடுத்ததில்லை. எல்லாம் கண்ணளவுதான்.

அந்தக் கண்தான் அவள் தூக்கத்தைக் கெடுத்தது. பிராமிக்குப் பன்னிரண்டு வயது. இரண்டு வருஷமாக அவள் பாவாடையில் ஒரு டக்குகூடப் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. கீழ்க்கரை கணுக்காலிலேயே, பசை போட்டு ஒட்டியதுபோல நின்றது. மற்ற பெண்களுக்குப் பிரித்துப் பிரித்துத் தைக்கையில் மதனவதி மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணுவாள். சொந்தப் பெண்ணின் பாவாடையைத் துவைத்து உலர்த்தும்போது மூன்று டக்கும் அப்படியே இருக்கும். அதைத் தடவிப் பார்த்துவிட்டு மடித்து வைப்பாள். புருஷனிடம்கூட வாய் திறந்து சொல்லவில்லை. சொன்னால் அது நிஜமாகிவிடும்போலத் தோன்றியது.

1969ஆம் வருஷம் அட்சய திருதியைக்கு அப்பாண்டையின் அக்கா குணமாலா ஆரணியிலிருந்து வந்தாள். கூடவே அவள் மகள் காந்தா. காந்தா பிராமியைவிட நாலு மாசம் சின்னவள். அன்றைக்குக் கோயிலில் பிரசாதமாகக் கொடுக்கும் கரும்புச்சாறு வாங்க இரண்டு பேரும் ஒன்றாக நின்றபோது, யாரோ ஒரு அம்மாள் காந்தாவிடம், "தங்கச்சிக்கு மொதல்ல குடும்மா" என்றாள்.

குணமாலா அங்கேயே திரும்பி மதனவதியைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தாள்.

"ஏம்மா மதனா, நீ இன்னா கண்ண மூடிக்கினா இருக்கற? எம் பொண்ணு தோளுக்குக் கீழ நிக்குது உம் பொண்ணு. இப்பிடியே நின்னுப் போச்சின்னா நாளைக்கு யாரு கட்டிக்கினு போவாங்க?"

"வளந்துடும் அண்ணி" என்றாள் மதனவதி. சொன்ன குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"எப்ப? கெழவி ஆனப்பறமா?" குணமாலா இடுப்பு முடிச்சிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்து மெஷின்மேல் வைத்தாள். உள்ளே ரோஸ் நிறத்தில் மாத்திரை. "எங்க ஊரு கம்பவுண்டரு குடுத்தாரு. எங்க பக்கத்து வூட்டுப் பையன் குட்டையா இருந்தான். இத முழுங்க ஆரம்பிச்சி ஆறே மாசம், விறுவிறுன்னு வளந்துட்டான். தெனத்துக்கு ஒண்ணு. யார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்காத."

குணமாலா ஊருக்குப் போன மறுநாள் ரேணுகாம்பாள் ஜாக்கெட்டு வாங்க வந்தாள். புட்டியைப் பார்த்துவிட்டாள். அவளிடம் எதையும் மறைக்க முடியாது.

"மாத்தர கெடக்கட்டும் மதனா. பொழுது சாஞ்சா நீங்க பிள்ளைக்கு ஒரு வாய் சோறு போட மாட்டேங்கறீங்க. முட்டயும் கெடயாது, கறியும் கெடயாது. அப்பறம் காத்தக் குடிச்சா வளரும்?"

மதனவதிக்குச் சுருக்கென்றது. சூரியன் மறைவதற்குள் சாப்பிட்டு முடிப்பது அவர்கள் ஜைனக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம். பிராமி ஒருநாளும் அதற்கு அழுததில்லை. தாங்கள்தான் பெண்ணைப் பட்டினி போட்டுக் குறுக்கிவிட்டோமோ என்ற எண்ணம் முதல்முதலாக வந்தது. நூல் ஊசியில் நுழைய மறுத்தது.

ரேணுகாம்பாள் அதைப் பார்த்துக் குரலை இறக்கினாள். "அழாதம்மா. நான் வாய்க்கு வந்தத சொல்றவ. எங்க அண்ணம் மவன மெட்ராஸ்ல கொழந்தைங்க ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனாங்க. அங்க தாவீதுன்னு ஒரு டாக்டரு இருக்காரு. காட்டிட்டு வந்து அப்பறம் மாத்தரய போடு. மாத்தர இன்னா ஓடியா போவப் போவுது?"

அடுத்த வெள்ளிக்கிழமை மாத்திரையை ஆரம்பிப்பதாக மதனவதி நினைத்திருந்தாள். வியாழக்கிழமையே மெட்ராஸ் பஸ் ஏறினார்கள். அப்பாண்டைக்கு மண்டியில் அரைநாள் லீவு போதாமல் முழுநாள் லீவு. அவள் பையில் கட்டுச் சாதம், தண்ணீர் வடிகட்ட வெள்ளைத் துணி, மாத்திரைப் புட்டி. பிராமி ஜன்னலோரம் உட்கார்ந்து, இருக்கைக்குக் கீழே காலை ஆட்டிக்கொண்டே வந்தாள். கால் தரையைத் தொடவில்லை. மதனவதி அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

டாக்டர் தாவீது ஒல்லியான மனிதர். எதிரில் உட்கார்ந்தவர்கள் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாதவர். பிராமி எத்தனையாவது மாசத்தில் பிறந்தாள், நடந்தது எப்போது, பால் பல் விழுந்தது எப்போது, தலைவலி வாந்தி உண்டா, தினம் மலம் சரியாகப் போகிறாளா, படிப்பு எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கழுத்தைத் தடவிப் பார்த்தார். கண்ணுக்குள் விளக்கு அடித்துப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"வருஷத்துக்கு எவ்வளவு வளர்றான்னு தெரியுமா?"

அப்பாண்டை மனைவியைப் பார்த்தான். யார் எதிரிலும் வாய் திறக்காத மதனவதி அன்றைக்குத் தெளிவாகப் பேசினாள். "ரெண்டு வருஷமா ஒரு விரக்கட கூட வளரலீங்க."

டாக்டரின் பேனா நின்றது. "நல்லா யோசிச்சி சொல்லுங்கம்மா. கொஞ்சமா வளர்றது வேற, வளராமயே நிக்கிறது வேற."

"நான் பாவாட தெக்கிறவங்க. பாவாட ஏறவே இல்லீங்க. எங்கண்ணு தப்பாதுங்க."

அவர் அதைக் காகிதத்தில் குறித்துக்கொண்டார். "குள்ளமா இருக்கற பிள்ளைங்க நெறய பேரு வருவாங்க. பாதிப் பேருக்கு ஒண்ணும் இருக்காது. ஆனா வளர்ந்துக்கினு இருந்த பிள்ளை சுத்தமா நின்னு போச்சின்னா அத அப்படியே விட முடியாது. சுரப்பியில கோளாறு இருக்கலாம், தலைக்குள்ள இருக்கலாம். அட்மிஷன் போட்டுத்தான் பாக்கணும். மொதல்ல அளவு எடுப்போம்."

தலைக்குள் என்ற வார்த்தை மதனவதியின் காதுக்குள்ளேயே சுற்றியது. நர்ஸ் சம்பூர்ணம் பிராமியைத் தடுப்புத் துணிக்குப் பின்னால் அழைத்துப் போனாள். மதனவதி பின்னாலேயே போனாள்.

சம்பூர்ணம் கனத்த உடம்புக்காரி. கை மட்டும் பூப்போல. "செருப்பு வேணாம், சடைய அவுத்து வுடு, குதிகாலு செவுத்துல ஒட்டணும், நேராப் பாரு. ஆ, அப்பிடித்தான் தங்கம்." தலைமேல் ஒரு பலகையை வைத்துக் கோடு கிழித்தாள். நாலடி இரண்டரை அங்குலம். பிறகு ஸ்டூலில் உட்கார வைத்து, உட்கார்ந்த உயரத்தை அளந்தாள். கை இரண்டையும் விரிக்கச் சொல்லி அளந்தாள். எடை பார்க்க, "பாவாடய அவுத்துடு கண்ணு, உள்பாவாட போதும்" என்றாள்.

பிராமி தயங்கினாள். அம்மாவை ஒருமுறை பார்த்தாள். சட்டைக்கு அடியில் கையை விட்டு முடிச்சை அவிழ்த்தாள். சம்பூர்ணம் சட்டையைத் தூக்கியவள் அப்படியே நின்றாள்.

"இது இன்னாடி, ரெண்டு தழும்பு?"

நாடா இறுக்கிக் கட்டுகிற இடத்தில் பெண்களுக்கு இடுப்பைச் சுற்றி ஒரு கறுப்புத் தடம் விழும். பிராமிக்கு இரண்டு இருந்தன. ஒன்று மேலே, விலா எலும்பை ஒட்டி, வெளுத்துப் போய் மங்கலாக. மற்றொன்று கீழே, இடுப்பு எலும்பின்மேல், புதிதாக, கறுப்பாக. சம்பூர்ணம் இரண்டுக்கும் இடையில் விரலை வைத்தாள். மூன்று விரற்கடைக்குமேல் இருந்தது.

"மின்ன இங்க கட்டிக்கினு இருந்த. இப்ப ஏன் இங்க கட்டற?"

பிராமி தலையைக் குனிந்துகொண்டாள். "மேல கட்னா பாப்பா மாதிரி இருக்குதுன்னு கிளாஸ்ல சிரிக்கறாங்க. காமாட்சின்னு ஒரு பொண்ணு, உங்கம்மா உன்ன மூட்ட மாதிரி கட்டி அனுப்புதுன்னு சொல்லிச்சி. அதுல இருந்து நானே எறக்கிக் கட்டிக்கறேன்."

"எப்பலேர்ந்து?"

"அஞ்சாங்கிளாஸ் போனதுலேர்ந்து. ஆறு போனப்ப இன்னும் கொஞ்சம் எறக்கினேன்."

மதனவதிக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு எல்லாம் ஒன்றாக விளங்கியது. பத்து வயதில் பெண் தானே உடுத்திக்கொள்ள ஆரம்பித்ததும் அவள் கட்டிவிடுவதை நிறுத்தினாள். மேலே சட்டை தொங்கியதால் முடிச்சு எங்கே இருக்கிறது என்று அவள் பார்த்ததே இல்லை. பெண் வளர வளரப் பாவாடை கீழே இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. கீழ்க்கரை மட்டும் நின்ற இடத்தில் நின்றது. இரண்டு வருஷமாக அவள் கண்ணும் அதே இடத்தில் நின்றிருந்தது.

சம்பூர்ணத்துக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "டாக்டரய்யா! இங்க வந்து பாருங்க. பிள்ள வளர்ந்துதான் இருக்குது. பாவாடதான் வளரல!"

டாக்டர் வந்து பார்த்தார். அவரும் சிரித்தார். ஆனால் அதோடு விடவில்லை. இரண்டு தழும்புக்கும் இடையே டேப்பு வைத்து அளந்து, எழுதி, மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். "கால் பக்கம் மட்டுமே ரெண்டு ரெண்டரை அங்குலம் வந்திருக்குது. மொத்தத்துக்கு மூணுக்கு மேல இருக்கும். இது நின்னுபோன கணக்கு இல்ல. மெதுவாப் போற கணக்கு. இப்ப உங்க ரெண்டு பேரையும் கேக்கறேன். சின்ன வயசுல யாராவது இப்பிடி இருந்தீங்களா?"

அப்பாண்டை காதைச் சொறிந்தான். "நான்தாங்க. பத்தாவது குரூப்பு போட்டோல வாத்தியாரு மடில உக்காராத கொறைங்க. பசங்க என்ன உழக்குன்னு கூப்புடுவாங்க. பதினேழுக்கு மேலதான் நீண்டேன். எங்க அப்பாவுக்கும் மீச லேட்டுன்னு சொல்லுவாங்க."

"இத மொதல்லயே சொல்லக் கூடாதாய்யா?" என்றார் டாக்டர். பிறகு மதனவதியைப் பார்த்து, "நீங்க பெரியவளானது எப்பம்மா?" என்று கேட்டார்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே, "பதினாறு முடிஞ்சிதுங்க" என்றாள்.

இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னார். அது ஈரம் காய்வதற்குள் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கை எலும்புப் படங்கள் நிறைந்த ஒரு பெரிய புத்தகத்தைப் புரட்டிப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டார். "இங்க பாருங்க. எலும்பு முனையில சின்னச் சின்னதா இடைவெளி தெரியுதா? அங்கதான் வளர்ச்சி நடக்குது. இந்தப் பெண் பொறந்த தேதிக்குப் பன்னெண்டு வயசு. எலும்புக்குப் பத்துதான். மத்த பிள்ளைங்க வளந்து முடிச்சப்பறமும் இவளுக்கு ரெண்டு வருஷம் கையில இருக்குது. அப்பாவப் போல லேட்டாப் போறவ. நோயி இல்ல."

மதனவதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அழுகை வந்தது. ஆனால் வந்தது சிரிப்புபோல இருந்தது. பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"நாங்க ராத்திரி சாப்பிட மாட்டோங்க. முட்டையும் கெடயாதுங்க. அதனாலயா?"

"பகல்ல நல்லாச் சாப்பிடறாளா?"

"மூணு வேளயும் சாப்புடுவாங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு ராத்திரி சாப்பாட்டயும் சேத்து முடிச்சிடுவா."

"அப்ப போதும். பால், பருப்பு, வேர்க்கடலை, கீரை. மணி எத்தனைன்னு வயித்துக்குத் தெரியாது. எட இருக்குது, ரத்தம் இருக்குது."

கடைசியாக அவள் பையிலிருந்து புட்டியை எடுத்து வைத்தாள். அவர் புட்டிமேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். முகம் மாறியது. "குடுத்தீங்களா?"

"நாளைக்குத்தாங்க..."

"கர்த்தர் காப்பாத்தினார். இது ஹார்மோன் மாத்திர. இத முழுங்கினா பிள்ளைங்க சட்டுன்னு நீளும், வாஸ்தவம். ஆனா சீக்கிரமே அந்த எலும்பு முனை மூடிக்கும். பையன் வேகமா வளந்துட்டான்னு சந்தோஷப்படுவாங்க. ரெண்டு வருஷம் கழிச்சி அவன் அங்கயே நிப்பான். இவளுக்குக் கையில இருக்கற ரெண்டு வருஷத்த இது தின்னுட்டிருக்கும்." புட்டியைத் திருப்பித் தரவில்லை. மேஜை டிராயரில் போட்டு மூடினார். "ஆறு மாசம் கழிச்சி வாங்க. அதுவரைக்கும் வீட்ல செவுத்துல கோடு போட்டு மாசத்துக்கு ஒருதரம் அளங்க."

அப்பாண்டை மெல்லக் கேட்டான். "ஆள முழுசா அளந்தா வளர்ச்சி நின்னுடும்னு சொல்லுவாங்களே..."

"அப்ப இந்த ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு பிள்ளையும் வளர்ந்திருக்காது" என்றார் டாக்டர்.

திரும்பும்போது ஸ்ரீபெரும்புதூர் தாண்டுகையில் வெயில் மஞ்சளாகிவிட்டது. பஸ்ஸிலேயே கட்டுச் சாதத்தைப் பிரித்தார்கள். அப்பாண்டை ஒரு கவளத்தை வாயில் போட்டுக்கொண்டு சிரிக்க ஆரம்பித்து, புரையேறி, மறுபடியும் சிரித்தான். "எங்கண்ணு தப்பாதுங்கன்னு சொன்ன பாரு, அதான்!" முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். மதனவதிக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அவளும் சிரித்தாள்.

பிராமி விரலை நக்கிக்கொண்டே கேட்டாள், "ம்மா, இனிமே நான் கீழயே கட்டிக்கட்டுமா?"

"கட்டிக்கோ. டக்கப் பிரிச்சித் தரேன். ஆனா எங்கிட்ட சொல்லிட்டுக் கட்டு."

அந்த ஆறு மாசம் சுலபமாக இல்லை. நோய் இல்லை என்று சொல்லிவிட்டார்கள், ஆனால் பெண் வகுப்பிலேயே சின்னவளாகத்தான் இருந்தாள். சுவரில் பென்சிலால் போட்ட முதல் கோட்டுக்குமேல் அடுத்த மாசக் கோடு ஒரு நூல் இழை அளவுதான் ஏறியது. மூன்றாவது மாசம் ஏறவே இல்லை. மதனவதி திரும்பவும் ஒருதரம் அளந்தாள். ஐந்தாவது மாசம் இரண்டு மாசத்து வளர்ச்சி சேர்ந்தாற்போலக் கோடு ஏறியது. கார்த்திகையில் மெட்ராஸ் போனபோது சம்பூர்ணம் பலகையை வைத்து, "நாலடி மூணரை. ஒரு அங்குலம்டி தங்கம்" என்றாள். டாக்டர் தலையசைத்தார். அட்மிஷன் பேச்சு அதற்குப் பிறகு எழவே இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை காட்டினால் போதும் என்றார்.

பதினாலு வயதுக்குமேல் பிராமி நீள ஆரம்பித்தாள். புதிதாகத் தைத்த பாவாடையில் ஒரே வருஷத்தில் மூன்று டக்கும் பிரிந்தன. துணி போதாமல் அடியில் வேறு கரை வைத்துத் தைக்க வேண்டி வந்தது. பதினஞ்சரை வயதில் பெரியவளானாள். சடங்குக்கு வந்த குணமாலா தம்பி பெண்ணைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"பாத்தியா மதனா? நான் அன்னிக்குக் குடுத்த மாத்தர எப்பிடி வேல செஞ்சிருக்குது!"

மதனவதி வாயைத் திறந்தாள். அப்பாண்டை கொல்லைப்பக்கம் திரும்பிக்கொண்டான், தோள் குலுங்குவது தெரிந்தது. "ஆமாம் அண்ணி" என்று சொல்லிவிட்டு மதனவதி மஞ்சள் அரைக்கப் போனாள். பிறகு அன்றைக்குச் சாயங்காலம், கொஞ்சம் தைரியம் வந்து, அண்ணியைத் தனியாக அழைத்து மாத்திரையைப் பற்றி டாக்டர் சொன்னதை முழுசாகச் சொன்னாள். குணமாலா ஊருக்குப் போனதும் பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னாள் என்று பிறகு கடிதம் வந்தது. அந்தப் பையனின் தம்பிக்கு அதைக் கொடுக்கவில்லையாம்.

இப்போது பிராமிக்கு இருபத்திரண்டு வயது. ஐந்தடி ஓரங்குலம். டீச்சர் டிரெயினிங் முடித்து, மாகறலில் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறாள். காலை ஏழே முக்கால் பஸ்ஸில் போய் மாலை ஐந்துக்குள் வீடு திரும்புகிறாள். வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மதனவதி கண்ணாடி போட்டுக்கொண்டு இன்னும் தைக்கிறாள்.